கங்காணியின் எடை

என் நாய்க்குக் கங்காணி என்று பெயர் வைத்தது நான் இல்லை, மலையில் என்னோடு தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள். குட்டியாக இருந்த நாளிலிருந்தே நிரைக்கு நிரை எங்கள் பின்னால் வருவான். யாராவது இரண்டு நிமிடம் இடுப்பை நிமிர்த்தி நின்றால், எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தானும் வேலை செய்ய மாட்டான், வேலை செய்கிறவர்களை விட்டு நகரவும் மாட்டான். “இதுக்கு மேல அந்த உத்தியோகத்துக்கு என்னா படிப்பு வேணும்?” என்று லோஜினி கேட்டாள். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

நான் மரியநாயகி. மஸ்கெலியாவுக்கு மேலே, குளத்துத் தண்ணீர் தெரிகிற எங்கள் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் வேலை செய்கிறார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நானும் கங்காணியும் மட்டும்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் என்பது என் முகத்துக்காகச் சேர்த்துக்கொள்வது.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் கங்காணி காலைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நின்றான், நின்றான், ஒன்றும் வரவில்லை. நாலு எட்டு நடந்து திரும்பவும் நின்றான். கடைசியில் வந்த நாலு சொட்டும் சிவப்பு. உடம்புச் சூடு என்றார்கள் ஒரு வீட்டில். வெந்தயத் தண்ணி கொடு என்றார்கள் இன்னொரு வீட்டில். பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் பாதி பெனடோலைச் சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். எங்கள் லயத்தில் தலைவலி முதல் தாலி அறுந்த துக்கம் வரைக்கும் பெனடோல்தான் மருந்து, அதனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. நான் கங்காணியைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினேன். நடத்துனர் நாயை ஏற்ற முடியாது என்றார். நான் பேசினேன். ஏற்றிக்கொண்டார்.

ஹட்டனில் அனுஷ்கா என்று ஒரு மிருக வைத்தியர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கங்காணியின் வயிற்றில் மயிரைச் சிரைத்து, பசை மாதிரி எதையோ தடவி, ஸ்கேன் வைத்துப் பார்த்தார். பெனடோல் விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சாந்தமான முகத்துக்கும் கோபம் வந்தது. மனிதருக்குள்ள வலி மாத்திரை எதையும் தன்னைக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்கவே கூடாது, ஈரலும் குடலும் கெட்டுப்போகும் என்றார். பிறகு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மூத்திரப்பையில கட்டி இருக்கு அக்கா. புற்றுநோய்தான். அறுத்து எடுக்க முடியாத எடத்துல இருக்கு.”

“அப்ப வேற என்னாங்க மிஸ் செய்யலாம்?”

“ஒரு மாத்திரை இருக்கு. மனுஷங்களுக்கு மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கிறதுதான், பைரொக்சிகாம்னு பேரு. வெளிநாட்டுல ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, புற்றுநோய் வந்த நாய்க்கு வலி தெரியாம இருக்கட்டும்னு கொடுத்துப் பாத்தாங்க. வலியோட சேர்த்துக் கட்டியும் சுருங்கிச்சு. அதுக்குப் பொறகு அதைப் பத்தி நெறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. நாங்களும் இந்தப் பக்கத்து நாய்களை வச்சு ஒண்ணு செய்றோம்.”

“எல்லா நாய்க்கும் சுருங்குமா?”

“இல்ல. சிலதுக்குச் சுருங்கும். நெறைய நாய்க்குக் கொஞ்ச காலம் வளராம நிக்கும். சிலதுக்கு ஒண்ணுமே செய்யாது. குணமாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கிற நாள் கூடும், அவ்வளவுதான்.”

சத்தியம் செய்யாத ஆள் என்றால் எனக்குப் பிடிக்கும். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் சத்தியம் செய்துவிட்டுத்தான் போவார்கள். நான் சரி என்றேன்.

தோட்டத்து நாய்களை ஏன் தேடுகிறீர்கள் என்றும் கேட்டேன். புல்லுக்கு அடிக்கிற மருந்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சில நாடுகளில் சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறார்களாம். மருந்து அடித்த புல்லில் நடந்து, காலை நக்குகிற நாய்களைப் பார்க்க வேண்டுமாம். நாய்க்கு வருகிற இந்தக் கட்டி மனிதருக்கு வருவதைப் போலவே இருப்பதால், நாயிடம் கற்றுக்கொள்வது மனிதருக்கும் உதவும் என்றார்.

“நாங்களும் அதே புல்லுலதான் நடக்கிறோம் மிஸ். எங்களை எப்பங்க ஸ்கேன் பண்ணுவீங்க?”

“அதைக் கேக்கிறதுக்குத்தான் அக்கா இந்த ஆராய்ச்சி” என்று மெதுவாகச் சொன்னார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை மருந்து தொடங்கியது. டொக்டர் மிஸ்ஸின் வேன் எங்கள் லயத்துப் படிக்கட்டு ஏறாது. கங்காணியைக் கொழுந்துச் சாக்கில் உட்கார வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்துகொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். கொழுந்து சுமக்கிற மாதிரியேதான். வேனில் இருந்த தட்டைத் தராசில் பதினேழரைக் கிலோ இருந்தான். அந்த எடைக்குத் தக்கபடி மாத்திரையை அளந்து கொடுத்தார் மிஸ். ஒரு கொப்பியும் கொடுத்தார். தினமும் என்ன சாப்பிட்டான், மாத்திரை எப்போது கொடுத்தேன், மூத்திரம் என்ன நிறம், மலம் என்ன நிறம் என்று எழுத வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கவே கூடாது. மலம் கறுப்பாகப் போனால் குடலில் இரத்தம், உடனே கூப்பிட வேண்டும். சனிக்கிழமை தோறும் எடையையும் எழுதி, பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும்.

“எடை ரொம்ப முக்கியம் அக்கா. அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சா மாத்திரையை நிறுத்திரணும். ஒண்ணு, நோய் ஜெயிக்குதுன்னு அர்த்தம். இல்லாட்டி மருந்தே அவனைக் கெடுக்குதுன்னு அர்த்தம். வீட்டுல தராசு இருக்கா?”

“வீட்டுல இல்லைங்க. ஆனா தோட்டத்துல இருக்கிறதே தராசுதானே” என்றேன். அந்தப் பெருமையான பதிலை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், மூன்று கால் கம்பத்தில் பெட்டரி போட்ட தராசு தொங்கும். நிறுக்கிறவர் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம், லோஜினியின் புருஷன். நல்ல பையன். எண் தெரிகிற பக்கம் அவரைப் பார்த்து இருக்கும். நாங்கள் சாக்கைக் கொக்கியில் மாட்டுவோம், அவர் எண்ணைப் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, மிச்சத்தைச் சொல்லி எழுதுவார், எங்கள் கூலிக்கு அந்த மிச்சம்தான் கணக்கு. சாக்குக்கு ஒரு கழிவு, மழை ஈரத்துக்கு ஒரு கழிவு. கொழுந்தில் மழைத் தண்ணீர் இருக்காதா என்றால் இருக்கும். எவ்வளவு இருக்கும் என்று நிறுத்துப் பார்த்தவர்தான் யாரும் கிடையாது. இந்தக் கழிவுக்காக இருபத்தாறு வருடத்தில் நான் சண்டை போட்ட கணக்கப்பிள்ளைகள் ஏழு பேர். முத்துலிங்கம் ஏழாவது.

சனிக்கிழமை பகல் நிறுவை முடிந்ததும் கங்காணியைச் சாக்கில் உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டுவோம். பெண்கள் எல்லாம் சுற்றி நின்று சிரிப்பார்கள். “கங்காணியவே நிறுக்கிற காலம் வந்திருச்சு” என்பாள் ஒருத்தி. அவன் வாயைத் திறந்துகொண்டு ஊஞ்சலில் இருப்பது போல இருப்பான். முத்துலிங்கம் எடையைச் சொல்வார், நான் கொப்பியில் எழுதுவேன்.

முதல் சனிக்கிழமை பதினாறரை. புது மருந்து, பசி கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை என்றார் டொக்டர் மிஸ். அடுத்த வாரம் தூறல் மழை, பதினைந்தரை. அதற்கடுத்த வாரம் பதினைந்து. பிறகு மழை வலுத்தது. பதினாலரை.

எனக்குக் குழப்பம். கோதுமை ரொட்டியை உருட்டி நடுவில் மாத்திரையை வைத்து, மேலே கருவாட்டுத் தூள் தடவிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறான். சோற்றுத் தட்டை நக்கி நக்கிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறான். மூத்திரத்தில் சிவப்பு நின்று மூன்று வாரம் ஆகிறது. ஆனால் எடை இறங்குகிறது. எழுதிய எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் என் கண்ணும் மாறிப்போனது. அவன் விலா எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது. லோஜினியும் தடவிப் பார்த்துவிட்டு, “ஆமா மரியாக்கா, எளைச்சுத்தான் போயிட்டான்” என்றாள். அன்றிலிருந்து என் சோற்றில் பாதி அவனுக்குத்தான்.

ஐந்தாவது சனிக்கிழமை அடை மழை. கங்காணி நனையக் கூடாது என்று என் படங்கை, மழைக்கு நாங்கள் இடுப்பில் கட்டுகிற அந்தத் தார்ச்சீலையை, அவன்மேல் போர்த்தி மடுவத்துக்குக் கொண்டுவந்தேன். முத்துலிங்கம் எண்ணைப் பார்த்தார். “பதிமூணரை” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

படம் பிடித்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் டொக்டர் மிஸ் கூப்பிட்டார். நான் மலையில் தேயிலைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

“அக்கா, அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல கொறஞ்சிருச்சு. இன்னையிலருந்து மாத்திரையை நிறுத்திருங்க. மிச்சத்தைத் திங்கக்கெழமை ஹட்டனுக்கு அனுப்பிருங்க. அவனை ஆராய்ச்சியில இருந்து எடுத்துர்றேன்.”

“மாத்திரை இல்லாட்டி கட்டி வளரும்தானே மிஸ்?”

“வளரும் அக்கா. கஷ்டப்பட ஆரம்பிச்சா என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து ஊசி போட்டு, வலியில்லாம அனுப்பி வைக்கிறேன்.”

சரிங்க மிஸ் என்றேன். பஸ் நடத்துனரிடம் பேசிய வாய், ஏழு கணக்கப்பிள்ளைகளிடம் பேசிய வாய், அன்றைக்கு அந்த மழையில் திறந்தபடி நின்றது. நான் அழுதேன். அடுத்த நிரையில் இருந்த லோஜினி கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னேன். அவளும் அழுதாள். கங்காணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வேலை நிற்கிறதே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அந்தி நிறுவை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டில் அவன் உட்கார்ந்துவிட்டான். கால் விரலிடுக்கில் ஓர் அட்டை, இரத்தம் குடித்துப் பருத்துப்போய்க் கிடந்தது. பிடுங்கி எறிந்தேன். அப்படியும் எழுந்திருக்க மாட்டேன் என்றான். இனி இவனை எத்தனை நாள் சுமக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சாக்கில் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் தூக்கினேன்.

பத்துப் படி ஏறியிருப்பேன், நின்றுவிட்டேன்.

மருந்து தொடங்கிய நாளில் இதே சாக்கில், இதே முதுகில் அவனை ரோட்டுக்குச் சுமந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கயிறு நெற்றியில் எவ்வளவு அழுத்தியதோ இன்றைக்கும் அவ்வளவே அழுத்தியது. எண்ணைப் பார்த்துக் கண் ஏமாறலாம். இருபத்தாறு வருடம் பாரம் சுமந்த கழுத்து ஏமாறாது. அன்றைக்குப் பதினேழரை. இன்றைக்கும் அதேதான், ஒரு பிடி கூடுமோ குறையுமோ. அப்படியானால் நடுவில் நாலு கிலோ எங்கே போனது?

மழை பெய்கிற நாளில் நாலு கிலோ எங்கே போகும் என்று எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படியே திரும்பி இறங்கினேன். இறங்கினேன் என்று எழுதுகிறேனே தவிர, நான் வந்த வேகத்தைப் பார்த்த பெண்கள், மரியாக்கா உருண்டு வருகிறாள் என்றுதான் நினைத்தார்களாம். மடுவத்தில் முத்துலிங்கம் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார். லோஜினியும் இன்னும் நாலைந்து பேரும் மழை விடட்டும் என்று ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

“தம்பி, தராசை மாட்டுங்க.”

“நிறுவை முடிஞ்சிருச்சேக்கா. லொறியும் போயிருச்சு.”

“கொழுந்துக்கு முடிஞ்சிருச்சு. கங்காணிக்கு முடியல. மாட்டுங்க. எண்ணு தெரியிற பக்கத்தை எங்க பக்கம் திருப்புங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மாட்டினார், திருப்பினார். நான் சாக்கோடு கங்காணியைக் கொக்கியில் தொங்கவிட்டேன். எண் ஓடி ஓடி நின்றது. எனக்குக் கண் மங்கல், லோஜினிதான் சத்தமாக வாசித்தாள்.

“பதினேழு புள்ளி அஞ்சு.”

கங்காணியை இறக்கிவிட்டு வெறும் சாக்கை மட்டும் மாட்டினேன். புள்ளி நாலு. அரைக் கிலோ கூட இல்லை.

“பகல்ல என்னா தம்பி சொன்னீங்க?”

முத்துலிங்கம் தராசைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், கடைசியாகத் தன் கையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பொய் சொல்லக் கூடிய ஆளாகத் தெரியவில்லை.

“சாக்கு வந்தா ஒண்ணு கழிக்கணும்க்கா. அடை மழைன்னா அதுக்கு மேல மூணு. கை தானாக் கழிச்சிருது. உள்ளுக்கு இருக்கிறது கொழுந்தா நாயான்னு நான் யோசிக்கவே இல்லக்கா.”

“நாய்க்கு என்னா தம்பி மழைக் கழிவு? அவன் நனையக்கூட இல்லையே. எம் படங்கைப் போத்திக் கொண்டாந்தேன், நான்தானே நனைஞ்சேன்.”

“தப்புத்தான்க்கா.”

“உங்க கை கழிச்ச நாலு கிலோவுல இவன் உசுரு போகப் பாத்துச்சு.”

அவர் மேல் மட்டும்தான் கோபம் என்று சொன்னால் அது பொய். கழிவு கழிவு என்று கத்திக்கொண்டே திரிகிற நான், நாயைக் கொண்டுபோய் அதே சாக்கில் போட்டு, அதே கொக்கியில் மாட்டிவிட்டு, அவர் சொன்ன எண்ணை வாயை மூடிக்கொண்டு ஐந்து வாரம் எழுதியிருக்கிறேன். என் கொழுந்து என்றால் சண்டை போட்டிருப்பேன். டொக்டர் கொடுத்த கொப்பி என்றதும் புத்தி மழுங்கிப்போனது. அந்தப் பாதிக் குற்றம் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

லோஜினி தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப எனக்கும் இப்பிடித்தானா?” என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். உனக்குன்னு நான் ஓரவஞ்சனை செஞ்சதில்ல” என்றார் அவர், அது ஏதோ நல்ல பேர் வாங்கித் தரும் என்று நினைத்து. அவள் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்று டொக்டர் மிஸ்ஸைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கழிவு என்றால் என்ன என்று அவருக்கு விளங்க வைக்கவே நேரம் எடுத்தது. “இன்னைக்கு மாத்திரை கொடுத்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க மிஸ். நீங்க நிறுத்தச் சொன்னீங்களே.”

“சாப்பாடு கொடுத்துட்டு இன்னைக்கு மாத்திரையையும் கொடுங்க. நாளைக்கு என் தராசோட நான் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. டொக்டர் மிஸ் வேனைக் கீழே நிறுத்திவிட்டு, தராசை ஒரு கையிலும் ஸ்கேன் பெட்டியை இன்னொரு கையிலுமாக, மூச்சு வாங்க எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். வாசலில் கூட்டம். முத்துலிங்கமும் வந்து ஓரமாக நின்றார். கங்காணியைத் தட்டைத் தராசில் நிறுத்தினோம். பதினேழு புள்ளி ஒன்று. மிஸ் அவன் விலாவையும் முதுகையும் அழுத்திப் பார்த்துவிட்டு, “இவனா இளைச்சவன்?” என்று சிரித்தார். பிறகு எங்கள் வீட்டு மேசையில் அவனைப் படுக்க வைத்து ஸ்கேன் பார்த்தார். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மொதல்ல மூணு சென்டிமீட்டருக்கு மேல இருந்துச்சு. இப்ப ரெண்டரைக்கும் கீழ” என்றார். “சுருங்கியிருக்கு அக்கா. எண்ணை மட்டும் பாத்து முடிவெடுத்தது என் தப்பு. நேத்து நீங்க திரும்பிப் போகாம இருந்திருந்தா, வேலை செய்ற மருந்தை நானே நிறுத்தியிருப்பேன்.”

எனக்கு வந்த சந்தோஷத்தில் மிஸ்ஸுக்குத் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டுவிட்டேன். குடித்தார், பாவம்.

பிறகு கொப்பியை எடுத்தார். ஐந்து வார எடையும் பிழை என்றால், ஏன் பிழை என்று ஆராய்ச்சிக் கணக்கில் எழுதியாக வேண்டுமாம். முத்துலிங்கம் அப்போதுதான் முன்னால் வந்தார். “ஒபீசுக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை போயிரும் மிஸ். தராசு பழுதுன்னு எழுதினாப் போதாதா?” என்று கேட்டார்.

தராசில் ஒரு பழுதும் கிடையாது. தோட்டத்திலேயே உண்மை பேசுகிற ஒரே சாமான் அதுதான். “தம்பி பேரை எழுத வேணாம் மிஸ்” என்றேன். “காரணத்தை எழுதுங்க. முழுசா எழுதுங்க.”

மிஸ் எழுதி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். “முதல் ஐந்து வார எடைகள் செல்லாது. கொழுந்துத் தராசில் சாக்கோடு நிறுத்தபோது, சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் என்று வழக்கமாகக் கழிக்கப்படும் எடை, நாயின் எடையிலிருந்தும் கழிக்கப்பட்டுள்ளது. சாக்கின் உண்மையான எடை நானூறு கிராம். நாய் மெலியவில்லை.”

நாங்கள் வாயால் கத்திக் கத்திக் காற்றில் போன விஷயம், முதல் தடவையாக ஒரு டொக்டர் கையெழுத்தில் தாளில் இருந்தது. லோஜினி போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிடித்தார்கள். முத்துலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகும்போது படிக்கட்டில் மிஸ் என்னிடம் திரும்பவும் சொன்னார், இது குணமாகிற நோய் இல்லை, ஒரு வருடமோ அதற்குக் குறைவோ, பிறகு மருந்துக்கும் அடங்காமல் போகலாம் என்று. தெரியும் மிஸ் என்றேன். உண்மையாகவே தெரியும். அவனுக்கு உள்ள நாள் அவனுக்கு முழுசாகக் கிடைக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. பகல் நிறுவைக்கு நாங்கள் மடுவத்துக்கு வந்தபோது, தராசின் எண் தெரிகிற பக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முத்துலிங்கமே திருப்பி வைத்திருக்கிறார். வரிசையில் முதல் ஆள் லோஜினி. சாக்கை மாட்டினாள். பதினாறு புள்ளி நாலு என்று நின்றது, எல்லாரும் பார்த்தோம். முத்துலிங்கத்தின் பேனா கொப்பியில் இறங்கியது. அவள் எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு. நாலு கிலோவோடு புள்ளியும் போயிருந்தது.

“என்னாங்க இது?”

“கொழுந்துல தண்ணி இருக்குமேம்மா” என்றார் அவர், தாழ்ந்த குரலில். “ஒபீசுல கேப்பாங்க.”

“இருந்தா நிறுத்துக் காட்டுங்க” என்றாள் லோஜினி. குரலை உயர்த்தவே இல்லை. “அது வரைக்கும் என்னை நாயின்னு நெனச்சு எழுதுங்க.”

கங்காணி தராசுக்குக் கீழே உட்கார்ந்து முத்துலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முத்துலிங்கம் பன்னிரண்டை அடித்துவிட்டு, சாக்குக்குப் புள்ளி நாலை மட்டும் கழித்து, பக்கத்தில் பதினாறு என்று எழுதினார். லோஜினி சாக்கைக் கழற்றிக்கொண்டு நகர்ந்தாள். நான் என் சாக்கை மாட்டினேன்.